முதுமையும் ஹிபாவும்

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில், அயல்நாடுகளில் பல்லாண்டு உழைத்துத் திரும்பிய முஸ்லிம்களில் பெரும்பாலோர்க்கு மாத ஓய்வூதியம் கிடையாது. கட்டிய வீடே அவர்தம் முதுமைக்கான சேமிப்பு. பின்னாளில் தகராறு வரலாகாது என்றெண்ணி அவ்வீட்டை வாழ்நாளிலேயே ஒரு பிள்ளைக்கு எழுதி வைப்பாரும் உளர். அதன்பின் பக்கவாதமோ மறதிநோயோ வந்து ஆண்டுக்கணக்கில் பராமரிப்புச் செலவு நேருமாயின், அதற்கு அவர் கையில் எஞ்சுவது யாது?

ஹிபா நிறைவுற மூன்று வேண்டும்: கொடுப்பவரின் மொழிவு, பெறுபவரின் ஏற்பு, பொருளைக் கைவசம் ஒப்படைத்தல். ஒப்படைத்தபின் மீட்கலாமா என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. பொருள் மகவின் உடைமையில் நீடிக்கும் வரை தந்தை மீட்கலாம் என்பது ஷாஃபிஈ நிலைப்பாடு. மணவிலக்குள்ள இரத்த உறவினருக்கு ஈந்ததை மீட்க இயலாது என்பது ஹனஃபி நிலைப்பாடு. ஆகவே எழுதுமுன் இதனை அறிதல் இன்றியமையாதது.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. தம்மைப் பேண வேண்டும் என்னும் நிபந்தனையோடு மூத்தவர் ஈந்த சொத்தை, பேணாதபோது செல்லாததாக்குமாறு அவர் தீர்ப்பாயத்தைக் கோர 23ஆம் பிரிவு இடமளிக்கிறது. நிபந்தனை இருந்ததென மெய்ப்பித்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. அச்சட்டத்தின் கீழ் மாதப் பராமரிப்புத் தொகைக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். முழுநேரப் பராமரிப்பாளர் ஒருவரின் ஊதியத்துக்கே அது போதுவதரிது.

மற்றொரு வழியும் உண்டு. அரசுக் கடன்பத்திரங்களை மகனுக்கு ஈந்து, அவற்றின் வருவாயை மட்டும் தம் ஆயுள்வரை தமக்கென ஒதுக்கிக்கொண்ட நவாப் அம்ஜத் அலீ கானின் ஈகை செல்லும் என 1867இல் பிரிவி கவுன்சில் தீர்த்தது. வாடகை தரும் சொத்துடையார்க்கு இம்முன்மாதிரி பயன் தரும். எனினும் பத்திரத்தின் வாசகத்தை ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் காட்டித் தெளிதல் நலம்.

எனினும், குடியிருக்கும் ஒரே வீட்டை உயிருள்ளவரை தம் பெயரிலேயே வைத்திருப்பதே பாதுகாப்பானது என நாம் கருதுகிறோம். நோய் வந்தால் அதனை விற்கலாம்; வாராவிடில் வாரிசுரிமைச் சட்டப்படி மகள்களுக்கும் உரிய பங்கு சேரும். ஒரு பிள்ளைக்கு மட்டும் ஈந்த நுஃமானின் தந்தை பஷீருக்கு, மக்களிடையே நீதி பேணுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தினார்கள். பெற்றோரின் முதுமையைக் காப்பதும் மகள்களின் பங்கைக் காப்பதும் இங்கே ஒரே செயலாகின்றன.