தேங்காய் எண்ணெயும் ஒரு கம்பளியும்

பிறந்து சில வாரமே ஆன யானைக்குட்டிக்குத் தன் தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாது. அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். சில சமயம் குட்டி அதையே மிதித்துத் தடுமாறும். தண்ணீரைக்கூட குனிந்து வாயால்தான் குடிக்கும். தாயின் மடி முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கிறது. தும்பிக்கையைத் தூக்கி ஒதுக்கிவிட்டு, வாயால் பற்றிப் பால் குடிக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அந்தப் பால்தான் உயிர்.

கென்யாவின் சாவோ கிழக்கு தேசியப் பூங்காவில் தந்தத்துக்காகத் தாய் யானைகளைச் சுட்டுக் கொன்றபோது, பக்கத்தில் பால்குடிக் குட்டிகள் நின்றன. பூங்காவின் காப்பாளர் டேவிட் ஷெல்ட்ரிக்கும் அவர் மனைவி டாஃப்னியும் அவற்றை எடுத்து வளர்த்தார்கள். ஓரளவு வளர்ந்த குட்டிகள் பிழைத்தன. சின்னஞ்சிறு குட்டிகள் கைக்குள்ளேயே இறந்தன. பசும்பாலின் கொழுப்பு அவற்றுக்குச் செரிக்கவில்லை. பேதி கண்டு, நீர் வற்றி, சில நாளில் முடிந்துவிடும்.

டாஃப்னி பல ஆண்டுகள் விதவிதமாகக் கலந்து பார்த்தார். கடைசியில் கைகொடுத்தது தேங்காய் எண்ணெய். மனிதக் குழந்தைகளுக்கான பால்மாவோடு அதைச் சேர்த்தபோது குட்டியின் வயிறு ஏற்றுக்கொண்டது. யானைப்பாலின் கொழுப்பில் காப்ரிக், லாரிக் அமிலங்கள் அதிகம். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம்தான். 1974இல் ஆயிஷா என்ற குட்டி இந்தப் பாலில் வளர்ந்தது. அதுவரை யாராலும் முடியாதது.

ஆயிஷாவுக்கு ஆறு மாதம் ஆனபோது மகளின் திருமணத்துக்காக டாஃப்னி இரண்டு வாரம் போல வெளியூர் போனார். பால் இருந்தது, கொடுக்க ஆள் இருந்தது. குட்டி குடிக்கவில்லை. மெலிந்து இறந்துபோனது.

இந்தச் சாவுக்கு டாஃப்னி வேறு காரணம் தேடவில்லை. தன் ஒருத்தியோடு மட்டும் குட்டியை ஒட்டவிட்டது தன் தவறு என்று வெளிப்படையாகவே சொன்னார். காட்டில் எந்தக் குட்டியும் அப்படி வளர்வதில்லை. பாட்டி, பெரியம்மா, சித்தி, அக்கா என்று தாய்வழிப் பெண் யானைகள் சூழ்ந்திருக்கும். குட்டி அலறினால் எல்லோரும் ஓடிவருவார்கள். தாய் மேயும்போது அக்கா யானை காவல் நிற்கும். அப்படித்தான் அதுவும் தாயாவதற்குப் பழகுகிறது.

“என்னை விட்டு வேற யாருகிட்டயும் போகமாட்டா” என்று பெற்றோர் பூரிப்போடு சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆயிஷா நினைவு வரும். அந்தப் பூரிப்பு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பிள்ளைக்குத் தெரிந்த மடி ஒன்றே ஒன்று என்றால், அந்த மடிக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட பிள்ளை என்ன செய்யும்?

டேவிட் 1977இல் இறந்தபின் டாஃப்னி நைரோபியில் அநாதைக் குட்டிகளுக்கான காப்பகத்தைத் தொடங்கினார். அங்கே பராமரிப்பாளர்கள் குட்டியின் கொட்டிலிலேயே படுக்கிறார்கள். ஆனால் இன்று படுத்தவர் நாளை வேறு குட்டியிடம் போய்விடுவார். எந்தக் குட்டியும் ஒருவரோடு மட்டும் ஒட்டிவிடக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால். புட்டியைச் சும்மா நீட்டினால் சில குட்டிகள் குடிக்காது. அதற்காக ஒரு கம்பளியைத் தொங்கவிட்டு, அதன் அடியிலிருந்து புட்டியை நீட்டுகிறார்கள். குட்டி தன் தும்பிக்கையைக் கம்பளியில் சாய்த்துக்கொண்டு, தாயின் வயிறு என்று எண்ணிக் குடிக்கிறது. புதிதாக வந்த குட்டி மனிதரைக் கண்டாலே முட்ட வரும். தாயைக் கொன்றவர்களும் மனிதர்தானே. பழைய குட்டிகள் அருகில் வந்து தும்பிக்கையால் தடவிக் கொடுத்த பிறகுதான் அது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும்.

ஓரளவு வளர்ந்ததும் பெரும்பாலான குட்டிகளைச் சாவோவுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே காட்டு யானைகளோடு கலந்து பிரிந்துபோகச் சில ஆண்டுகள் ஆகும். எப்போது போவது என்பது யானையின் முடிவு, யாரும் துரத்துவதில்லை. டாஃப்னி 2018இல் மறைந்தார். அவர் காப்பகத்தில் புட்டிப்பால் குடித்து வளர்ந்த பெண் யானைகள், காட்டில் குட்டி ஈன்றபின் அதை அழைத்துக்கொண்டு பழைய பராமரிப்பாளர்களிடம் வருகின்றன. காட்டு யானை தன் குட்டியின் பக்கத்தில் மனிதனை அண்டவிடாது. இவை விடுகின்றன.