பைண்டு செய்யாத கதைகள்

கட்சாலுக்குத் தமிழ் போன வழி ஒரு சுற்றுவழி. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்குப் பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களை மண்டபம் முகாம் பல திசைகளுக்கு அனுப்பியது. நீலகிரியில் டான்டீ தேயிலைத் தோட்டம், கேரளத்தில் புனலூர், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர். ஒரு சிறு பகுதியினர் வங்கக் கடலையும் தாண்டி, நிக்கோபாரில் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குப் போனார்கள்.

அவர்கள் விட்டு வந்த மலையகத்தை எழுத்தில் பார்க்க வேண்டுமென்றால் முதலில் எடுக்க வேண்டியது சிறுகதையைத்தான். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' போல நாவல்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மண்ணின் எழுத்து ஞாயிறு மலரிலும் போட்டிக்கு அனுப்பிய கதைகளிலும்தான் வளர்ந்தது. அப்படிப் பரிசு வாங்கிய கதைகளைச் சேர்த்து 1971-ல் வீரகேசரி நாளிதழ் 'கதைக் கனிகள்' என்று வெளியிட்டது. என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' அறுபதுகளின் தொடக்கத்தில் பத்திரிகையில் வந்த கதை. அதே பெயரில் அவருடைய தொகுப்பு வந்தது 1980-ல். இடையில் ஏறக்குறைய இருபது வருஷம் அந்தக் கதை எங்கே இருந்தது? பழைய பேப்பரில். பழைய பேப்பர் என்ன கதிக்கு ஆளாகும் என்பதை நம் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலும் நடந்தது இதுதான். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' கல்கியில் தொடராக வந்தபோது, வாரம் தவறாமல் அந்தப் பக்கங்களைக் கிழித்து, மணியத்தின் படங்களோடு அடுக்கி, பைண்டரிடம் கொடுத்து வாங்கி வைத்த வீடுகள் ஏராளம். ஓர் அத்தியாயம் விட்டுப்போனால் பக்கத்து வீட்டில் கெஞ்சியாவது வாங்கிச் சேர்ப்பார்கள். அந்தப் பைண்டுகள் பெண்ணோடு சீராகப் புகுந்த வீட்டுக்குப் போனதும் உண்டு. அப்படி ஒரு பழைய பைண்டைப் புரட்டிப் பாருங்கள். தொடரின் கடைசிப் பக்கத்துக்கு முதுகில் ஏதோ ஒரு சிறுகதையின் தொடக்கம் இருக்கும். தலைப்பு, எழுதியவர் பெயர், இரண்டு பத்தி. கதாநாயகி கதவைத் திறக்கிறாள். அடுத்த தாளில் வந்தியத்தேவன் குதிரை மேல் வந்துவிடுவான். அவள் கதவுக்கு வெளியே யாரைப் பார்த்தாள் என்பது கடைக்காரரின் தராசுக்குப் போய்விட்டது.

தொடரையும் சிறுகதையையும் வார இதழ்கள் ஒரே பக்குவத்தில்தான் பரிமாறின. வீடு ஒன்றைத்தான் எடுத்து வைத்துக்கொண்டது.

எடுத்து வைக்காவிட்டாலும் படித்தார்கள், அதுதான் அன்றைய விசேஷம். ஒரே இதழில் இரண்டு மூன்று கதைகள் இருக்கும். தொடருக்காக வாங்கியவர், சினிமாச் செய்திக்காக வாங்கியவர், துணுக்குக்காக வாங்கியவர் எல்லாருடைய கண்ணிலும் அவை படும். சிறுகதைக்கென்று யாரும் தனியாகக் காசு கொடுக்கவில்லை. சிறுகதைக்கென்றே ஒரு பத்திரிகை நடத்திப் பார்த்த 'மணிக்கொடி' 1935-க்குப் பிறகு சில வருஷங்களே தாக்குப்பிடித்தது. புதுமைப்பித்தனும் கு.ப.ரா.வும் மௌனியும் எழுதிய பத்திரிகைக்கே அந்தக் கதி. அமெரிக்காவிலும் இப்படித்தான். 1929-ல் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' ஒரே கதைக்கு ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு 4,000 டாலர் கொடுத்தது. அந்தப் பணம் கதைத் தொகுப்பு விற்று வந்ததல்ல, பத்திரிகை விற்று வந்தது.

1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' வந்தது. மழையில் காரில் ஏறி, கெட்டுப்போனதாக ஊர் சொல்லக்கூடிய நிலையில் வீடு திரும்பும் மகளின் தலையில் ஒரு தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். சில பக்கங்கள்தான். தமிழ்நாடு வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போட்டது. கதையே பிடிக்காதவர்கள்கூடப் படித்திருந்ததால்தான் அந்தச் சண்டை சாத்தியமாயிற்று. பிறகு ஜெயகாந்தனே, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்று கேட்டுக்கொண்டு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். 1972-க்கான சாகித்ய அகாதெமி பரிசு அதற்குத்தான். இன்று அந்த நாவலின் நாயகி கங்காவை அறிந்தவர் பலர், அவள் கிளம்பி வந்த கதையைப் படித்தவர் அவர்களில் ஒரு பங்குதான் இருப்பார்கள். எழுத்தை வைத்து நம் காலத்தில் மூண்ட பெரிய சண்டை 'மாதொருபாகன்' மீது. அது நாவல். ஒரு சிறுகதைக்காக ஊர் இரண்டுபடுவதை இப்போது நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஓட்டமான உலகம், யாருக்கும் நேரமில்லை, அதனால் சின்னதாக இருந்தால் படிப்பார்கள் என்று ஒரு வாதம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நான் அதை நம்புவதில்லை. கட்சாலின் ரப்பர் தோட்ட வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் பட்டையைச் சாய்வாகச் சீவினால்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏறுமுன் கோப்பைகளில் சேர்ந்ததை எடுத்துவிட வேண்டும், கீறலிலேயே உறைந்தது ஒட்டுப்பால். மழை பிடித்தால் வெட்டு கிடையாது, நிக்கோபாரில் மழைக்குப் பஞ்சமும் கிடையாது. துண்டு துண்டாக ஓய்வு கிடைக்கும் பிழைப்பு. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு மூன்று நாள் கடல், அங்கிருந்து கட்சாலுக்கு இன்னொரு கப்பல் என்று வந்து சேரும் இதழில், விட்டுப்போன வாரங்களால் குலையாமல் நிற்கக்கூடியது சிறுகதை ஒன்றுதான். நியாயப்படி இம்மாதிரி இடங்களில் சிறுகதை கொடிகட்டிப் பறந்திருக்க வேண்டும். நேரமே காரணம் என்றால் ஐந்து பாகப் 'பொன்னியின் செல்வ'னை, 2022-ல் படம் வந்த கையோடு, அலுவலகம் போகிற பிள்ளைகள் வாங்கிப் போயிருக்க மாட்டார்கள். ஜெயமோகனின் 'வெண்முரசு' 26 நாவல்களாக நீண்டும் அதற்கு வாசகர் இருக்கிறார்கள்.

நீளமும் காரணமில்லை. 1969-ல் தொடங்கிய ராணிமுத்துவும் பிறகு வந்த மாலைமதி, பாக்கெட் நாவல், க்ரைம் நாவல் வகையறாக்களும் பஸ் ஏறும்போது வாங்கி இறங்கும்போது முடிக்கும் அளவுதான். நீண்ட சிறுகதை என்றே சொல்லலாம். ஆனால் ஒரே அட்டை, ஒரே ஆட்கள், ஒரே முடிச்சு.

தொகுப்பு அப்படியல்ல. பன்னிரண்டு கதை என்றால் பன்னிரண்டு முறை முன்பின் தெரியாதவர்கள் நடுவில் போய் உட்கார வேண்டும். யார், எந்த ஊர், என்ன உறவு என்று பிடிபடும்போது கதை முடிந்துவிடும். நல்ல கதை முடிந்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்லும், புத்தகமோ அடுத்த பக்கத்துக்குத் தள்ளும். 'அழகிரிசாமி கதைகள்' முழுத் தொகுப்பை ஒரே மூச்சில் படித்தேன் என்பவரை நான் கொஞ்சம் சந்தேகிப்பேன். வாரத்துக்கு ஒன்றாக உண்ணச் செய்த பண்டத்தைப் படியளவில் கட்டிக் கொடுத்தால் யாருக்கும் திகட்டும். ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பு மட்டும் பரவலாக விற்றது எப்படி என்று கேட்கலாம். அதன் கதைகள் எல்லாம் நிஜ மனிதர்களைச் சுற்றி, ஒரே கேள்வியை வெவ்வேறு கோணத்தில் கேட்பவை. வாசகர் அதை ஒரு புத்தகமாகப் படித்தார்.

பரிசுகளில் குறையில்லை. வண்ணதாசனுக்கு 2016-லும் அம்பைக்கு 2021-லும் சாகித்ய அகாதெமி கிடைத்தது சிறுகதைக்காகத்தான். மாதந்தோறும் நல்ல கதையைப் பொறுக்கி எடுக்கும் வேலையை இலக்கியச் சிந்தனை 1970-லேயே தொடங்கிவிட்டது. குறைந்தவை கதையைச் சுமந்து வந்த வண்டிகள். கல்கியின் அச்சு இதழ் 2020-ல் நின்றது. மற்ற இதழ்களில் கதை ஒன்றானது, பிறகு ஒரு பக்கமானது. புதிதாக எழுத வருகிறவர் தொகுப்பைக் கொண்டுபோனால், "நாவல் எதுவும் கைவசம் இல்லையா?" என்பதுதான் பதிப்பாளர் கேட்கும் முதல் கேள்வி. இல்லையென்றால் நூறு பிரதி, பிரிண்ட் ஆன் டிமாண்ட்.

கட்சாலும் பழைய கட்சால் இல்லை. 2001-ல் ஐயாயிரத்தைத் தாண்டிய மக்கள்தொகை, 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, 2011-ல் மூவாயிரத்துக்கும் கீழே போயிருந்தது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் பக்கத்துத் தீவான கமோர்ட்டாவரை வந்துவிட்டது. கப்பலுக்குக் காத்திராமல் இன்று அங்கே தமிழ் போய்ச் சேர முடியும். பிரதிலிபி போன்ற செயலிகளில் தொடர்கதைகள் மறுபடி ஓஹோவென்று ஓடுகின்றன, அடுத்த அத்தியாயத்துக்குக் காயின் செலவழிக்கவும் ஆள் உண்டு. இலங்கைத் தமிழ் நூல்களை வருடி வைத்திருக்கும் நூலகம் தளத்தில் மலையகத் தொகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இராமையா என்ற பெயரைத் தெரிந்துவைத்துக்கொண்டு, தேடித்தான் போக வேண்டும்.