ஆலைக்குப் போகும் கணவருக்கும் தவழும் குழந்தைக்கும் ஒரே அடுப்பில் உணவு

ஒரகடத்தைச் சுற்றியுள்ள வல்லம், மாத்தூர், வடக்குப்பட்டு போன்ற ஊர்களில் விவசாயக் குடும்பங்களின் வாழ்க்கைமுறை கடந்த கால் நூற்றாண்டில் பெரிதும் மாறிவிட்டது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும், 2012-ல் டைம்லர் லாரி ஆலையும் வந்தன. தொழிற்பேட்டைக்குப் போக எஞ்சிய நிலத்தில் ஏரித் தண்ணீரைக் கொண்டு நெல்லும், மேட்டில் நிலக்கடலையும் இன்றும் பயிராகின்றன. கணவர் ஆலையில் ஷிப்டு வேலை பார்க்க, மனைவி நிலத்தையும் மாட்டையும் கவனித்துக்கொள்ளும் குடும்பங்கள் இங்கு பல.

இந்த மாற்றத்தின் சுமை சமையலறையில்தான் அதிகம் தெரிகிறது. ஒரு வாரம் விடியற்காலையில் டிபன் பெட்டி தயாராக வேண்டும். அடுத்த வாரம் இரவில் கட்டிக் கொடுக்க வேண்டும். இதற்கிடையே நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சவும் போக வேண்டும். இந்த அவசரத்தில் குழந்தைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பாலில் நனைத்த பிஸ்கட்டு, அல்லது வடித்த கஞ்சி. இரவு ஷிப்டு முடிந்து வரும் கணவரோ வழியில் ஒரு தேநீரும் வடையும் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்துவிடுகிறார்.

இருவருக்கும் தனித்தனியாகச் சமைக்க வேண்டும் என்று எண்ணுவதால்தான் வேலை மலையாகத் தோன்றுகிறது. உண்மையில் இருவருக்கும் வேண்டிய பொருள்கள் ஒன்றே. அரிசி அல்லது கேழ்வரகு, பயறு, நிலக்கடலை, முருங்கைக்கீரை, முட்டை ஆகியவற்றைக் கொண்டே இருவருக்கும் சமைத்துவிடலாம். குழந்தையின் பங்கை எந்த நேரத்தில் பிரித்து எடுக்கிறோம், எவ்வளவு கெட்டியாகக் கொடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

தண்ணீர்க் கஞ்சி ஏன் போதாது?

குழந்தைக்கு ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் ஒன்றே போதுமானது. தண்ணீர்கூடத் தேவையில்லை. ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலுடன் இணை உணவும் தர வேண்டும். தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும், அதற்கு மேலும் தொடரலாம். 9 முதல் 11 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக ஒரு நாளைக்கு ஏறத்தாழ 300 கலோரி இணை உணவிலிருந்து கிடைக்க வேண்டும்.

இதில் இரைப்பையின் அளவைக் கவனிக்க வேண்டும். எட்டு கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்கு ஒரு டம்ளர் அளவே கொள்ளும். ஒரு டம்ளர் நீர்த்த கஞ்சியில் பத்து கிராம் அரிசி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதில் கிடைப்பது சுமார் 35 கலோரிதான். குழந்தையின் வயிறு நிறைந்துவிடும், அழாமல் தூங்கிவிடும். ஆனால் எடை ஏறாது. பிள்ளை நன்றாகத்தான் குடிக்கிறான், ஆனாலும் தேறவில்லையே என்று தாய்மார்கள் வருந்துவதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம். ஆகவே குழந்தையின் உணவு, கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும்.

குழந்தை அமுது

கோவை ஸ்ரீ அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியில் டாக்டர் இராஜம்மாள் பா. தேவதாஸ் முதல்வராக இருந்த காலத்தில், கிராமத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே ஓர் இணை உணவு உருவாக்கப்பட்டது. அதற்குக் 'குழந்தை அமுது' என்று பெயர். வறுத்த மக்காச்சோளம் அல்லது சோளம் அல்லது கேழ்வரகு மாவு 30 கிராம், வறுத்த பச்சைப்பயறு மாவு 20 கிராம், வறுத்த நிலக்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம் என்பது அதன் கணக்கு. விலை கொடுத்து டப்பாவில் வாங்கும் மாவுகள் பல வந்த பின்னும் இந்தக் கணக்கு பழுதாகவில்லை. தானியப் புரதத்தில் லைசின் என்ற பொருள் குறைவு. பயறில் அது மிகுதி. பயறில் குறைவான மெத்தியோனின் தானியத்தில் உண்டு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. நிலக்கடலை, குழந்தைக்கு வேண்டிய எண்ணெய்ச்சத்தைத் தருகிறது.

வெல்லம் மட்டும் இன்று மாற்றிக்கொள்ள வேண்டிய ஒன்று. இரண்டு வயது வரை சர்க்கரை, வெல்லம் சேர்க்காதிருப்பதே நல்லது என்பது இன்றைய பரிந்துரை. இனிப்பு வேண்டுமென்றால் கனிந்த வாழைப்பழத்தை மசித்துச் சேர்க்கலாம். ஒரு வயது வரை உப்பும் வேண்டாம். தேன் கூடவே கூடாது.

வீட்டில் செய்துவைக்க, கேழ்வரகு 600 கிராம், பச்சைப்பயறு 400 கிராம், நிலக்கடலைப் பருப்பு 200 கிராம் எடுத்துக்கொள்ளவும். கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி உலர்த்தி, வாசனை வரும்வரை வறுக்கவும். பயறைச் சிவக்க வறுத்து, லேசாக உடைத்துத் தோலைப் புடைத்துவிடவும். கடலையை வறுத்துத் தோல் நீக்கவும். கேழ்வரகையும் பயறையும் மாவு ஆலையில் அரைத்துச் சலித்துக்கொள்ளவும். கடலையை வீட்டு மிக்சியில் பொடித்துக் கலக்கலாம். நாளொன்றுக்கு 60 கிராம் வீதம் இது இருபது நாளைக்கு வரும். அதற்கு மேல் வேண்டாம். கடலை சேர்ந்த மாவு நாள்பட்டால் சிக்குவாடை அடிக்கும்.

ஒரு வேளைக்கு 30 கிராம் மாவை, அதாவது குவித்து எடுத்த மூன்று மேசைக்கரண்டி மாவை, முக்கால் டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஐந்தாறு நிமிடம் கிளறி வேகவிடவும். இறக்கும்போது அரைத் தேக்கரண்டி நெய் அல்லது நல்லெண்ணெய் சேர்க்கவும். இதில் சுமார் 130 கலோரியும் ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவான புரதமும் உண்டு. முன்பு கூறிய நீர்த்த கஞ்சியுடன் ஒப்பிட்டால் வேற்றுமை விளங்கும். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முதலில் இரண்டு மூன்று கரண்டி கொடுத்துப் பழக்கி, அளவைப் படிப்படியாகக் கூட்டவும்.

கேழ்வரகு இப்போது இந்தப் பக்கம் அதிகம் பயிராவதில்லை. அரிசியைக் கொண்டும் செய்யலாம். ஆனால் 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 340 மில்லிகிராம் அளவில் உள்ளது. அரிசியில் பத்து மில்லிகிராம்கூடத் தேறுவது அரிது. எலும்பும் பல்லும் வளரும் வயதில் கேழ்வரகைக் கடையில் வாங்கியாவது சேர்ப்பது தகும்.

கெட்டிக் கஞ்சியைச் சில குழந்தைகள் விழுங்காமல் துப்பிவிடும். அதற்குத் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்தால் பழைய கதைதான். முளைகட்டிய கேழ்வரகு மாவு இதற்குக் கைகொடுக்கும். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, ஒன்றிரண்டு நாள் முளைவிடச் செய்து, வெயிலில் நன்கு காயவைத்து, முளையைத் தேய்த்து நீக்கி அரைக்கவும். இதை வறுக்கக் கூடாது. முளைக்கும்போது தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி உண்டாகிறது. அது மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை இளக்குகிறது. வறுத்தால் அந்த நொதி கெட்டுவிடும். கெட்டியாக வெந்த கஞ்சியை இறக்கி, சற்று ஆறியதும் இந்த மாவில் ஒரு தேக்கரண்டி கலந்து சில நிமிடம் வைத்தால் கஞ்சி தானாக இளகும். பிறகு மறுபடியும் ஒரு கொதி விட்டு ஆற்றி ஊட்டவும். தண்ணீர் சேர்க்காமலே கஞ்சி இளகிவிடும், சத்தும் குறையாது.

கடலையைப் பொறுக்கி எடுங்கள்

சந்தைக்கு நல்ல கடலையை அனுப்பிவிட்டு, சுருங்கியதையும் உடைந்ததையும் வீட்டுக்கு வைத்துக்கொள்வது நம்மிடையே உள்ள வழக்கம். குழந்தை உணவைப் பொறுத்தவரை இது ஆபத்தான சிக்கனம். அறுவடையின்போது மழையில் நனைந்த, சரியாகக் காயாத கடலையில் பூஞ்சணம் பிடித்து, அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. அது கல்லீரலைத் தாக்கும். வறுத்தாலும் முழுமையாக அழியாது. ஆகவே நிறம் மாறிய, சுருங்கிய, கசக்கும் பருப்புகளை ஒன்றுகூட விடாமல் நீக்கவும். குழந்தைக்கு ஒதுக்கும் ஒரு கிலோவை முதல் தரத்திலேயே எடுத்து வையுங்கள்.

முழுக் கடலையைச் சிறு குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். பொடியாகவோ விழுதாகவோ மட்டுமே தர வேண்டும்.

ஒரே பானையில் இருவர் பங்கு

பகல் ஷிப்டு வாரத்தில் பயற்றம்பருப்புப் பொங்கல் எளிது. அரிசி இரண்டு டம்ளர், வறுத்த பயற்றம்பருப்பு ஒரு டம்ளர், தண்ணீர் எட்டு டம்ளர் வைத்துக் குழைய வேகவிடவும். இறக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, காம்பு நீக்கிய முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி சேர்க்கவும். கீரை வெந்ததும், உப்பும் மிளகும் போடுவதற்கு முன்னால், குழந்தைக்கு ஒன்றிரண்டு கரண்டி தனியே எடுத்துவிடவும். அதைக் கையால் மசித்து ஒரு தேக்கரண்டி நெய் விட்டால் குழந்தைக்கு ஒரு வேளை உணவு ஆயிற்று. நன்றாக வேகவைத்த முட்டையைச் சிறிது சிறிதாகப் பழக்கிச் சேர்த்தால் இன்னும் சிறப்பு. மீதியில் உப்புப் போட்டு, மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து, வறுத்த கடலை இரண்டு கைப்பிடி கலந்தால் கணவருக்கும் உங்களுக்குமான உணவு தயார். ஆலையில் நின்று வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,700 கலோரி தேவை. வெறும் சோற்றிலேயே அதை நிரப்பப் பார்க்காமல், பயறும் கடலையும் சேர்க்க வேண்டும்.

மாதம் ஏற ஏற மசிப்பதைக் குறைக்கவும். ஒன்பது பத்து மாதத்தில் குழந்தை பருக்கையைக் கையால் எடுத்துத் தின்னப் பழகட்டும். ஒரு வயதில் காரம் குறைந்த வீட்டுச் சாப்பாட்டையே சாப்பிடலாம்.

சமைத்து ஐந்தாறு மணி நேரம் கழித்துச் சாப்பிடும் ஷிப்டுக்குப் பொங்கல் ஏற்றதல்ல. அதற்கு நம் மாவட்டத்துக்கே உரிய குடலை இட்லி இருக்கிறது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி வேகவைக்கும் அதே இட்லிதான். பச்சரிசி, புழுங்கலரிசி, உளுந்து மூன்றும் ஒவ்வொரு டம்ளர் எடுத்து ஊறவைத்து, சற்றுக் கொரகொரப்பாக அரைத்து இரவு முழுதும் புளிக்கவிடவும். காலையில் குழந்தைக்கு இரண்டு சிறு இட்லிக்கு வேண்டிய மாவைத் தனியே எடுத்துக்கொண்டு, மீதியில் உப்பு, பொடித்த மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நல்லெண்ணெய், சிறிது நெய் கலக்கவும். குடலை இல்லாவிட்டால் எண்ணெய் தடவிய டம்ளர்களில் முக்கால் அளவு ஊற்றி, இருபத்தைந்து நிமிடம் ஆவியில் வேகவைக்கலாம். மிளகாய்ப்பொடி போதும், தேங்காய்ச் சட்னி வேண்டாம், அது சீக்கிரம் கெட்டுவிடும்.

சோறுதான் வேண்டும் என்பவருக்குப் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் ஏற்றவை. புளிப்பு, கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது. சோற்றை அகன்ற தட்டில் பரப்பி விரைவில் ஆறவிட்டுப் பெட்டியில் அடைக்கவும். சூட்டோடு மூடினால் வியர்த்துச் சளசளக்கும். தயிர்ச்சோறு கட்டினால், குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலைப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விடவும். சாப்பிடும் நேரத்துக்குப் புளிக்காமல் தோய்ந்திருக்கும்.

இரவு ஷிப்டிலிருந்து திரும்புபவர் வெறும் வயிற்றில் படுக்கக் கூடாது. எண்ணெய்ப் பண்டம் அந்நேரத்தில் நெஞ்சைக் கரிக்கும். மோர் விட்ட பழையசோறும் சின்ன வெங்காயமும், முந்தின நாள் சுண்டலில் கொஞ்சமும் போதும். சுண்டல் இரவில் வெளியில் இருந்து நொசநொசத்திருந்தால் மாட்டுக்குப் போடுங்கள். சாப்பாட்டோடு தேநீர் குடிப்பது, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கும்; ஒரு மணி நேரம் இடைவெளி விடவும். குழந்தைக்குத் தேநீர் ஒரு வாய்கூடத் தராதீர்கள்.

இன்னும் சில

அங்கன்வாடியில் வழங்கும் சத்துமாவு குழந்தைக்கென்றே கணக்கிட்டுத் தரப்படுவது. அதை வீடு முழுவதற்கும் களி கிண்டினால் குழந்தைக்குக் கிடைப்பது இரண்டு நாள் பங்குதான். மாதந்தோறும் அங்கு எடையும் பார்த்துக்கொள்ளவும். 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், எடை ஏறாமல் நின்ற குழந்தைகளைக் கண்டறிந்து அவர்களுக்குச் சத்துருண்டை கொடுத்தார்கள். கண்ணுக்குக் கொழுகொழு என்று தெரியும் பிள்ளையின் எடை இரண்டு மாதமாக நின்றிருப்பதைத் தராசுதான் காட்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் உணவை நிறுத்துவது தவறு. உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுத்தபடியே, தாய்ப்பாலையும் இளகிய கஞ்சியையும் தொடரவும். குணமான பிறகு இரண்டு வாரம் நாளுக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டவும்.

கணவருக்குக் கட்டி, குழந்தைக்கு ஊட்டி, தனக்கு அடிப்பானையைச் சுரண்டிக்கொள்வது பெரும்பாலான வீடுகளில் பெண்களின் வழக்கம். பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தைவிடக் கூடுதல் உணவு தேவை. பொங்கலை மூன்றாகப் பிரிக்கும்போதே தன் தட்டிலும் வைத்துவிட வேண்டும். வீட்டு ஆண்கள் இதைக் கவனிப்பது நலம்.

பயறுக்காகத் தனி நிலம் வேண்டியதில்லை. நெல் வரப்புகளில் உளுந்து ஊன்றலாம்; சம்பா அறுவடைக்குப் பின் ஈரம் உள்ள தாக்கில் பச்சைப்பயறு விதைக்கலாம். கிணற்றடியில் பெரியகுளம்-1 செடி முருங்கை இரண்டு நட்டால், விதைத்த ஆறாம் மாதத்திலிருந்து காய் கிடைக்கும். கீரைக்கு அவ்வளவு நாளும் காத்திருக்க வேண்டாம். செடி இடுப்பளவு வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துக் கீரை பெருகும்.