கை இயங்க வேண்டுமா? முதலில் பிள்ளை இருக்கும் விதத்தைப் பாருங்கள்

"இவனுக்குக் கை வராது." பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் தாய்மாரிடம் நான் அடிக்கடி கேட்ட வசனம் இது. யுத்தத்தில் கணவரை இழந்து தனியாகக் குடும்பத்தைக் கொண்டுநடத்தும் பெண்ணுக்கு இதன் பாரம் இன்னும் அதிகம். மூன்று வேளையும் அவரே ஊட்டவேண்டும். வேலைக்குப் போகவும் முடியாது.

செரிப்ரல் பால்சி எனப்படும் இந்நிலை, பிறப்பதற்கு முன்போ பிரசவத்தின்போதோ பிறந்த ஆரம்ப காலத்திலோ, வளரும் மூளைக்கு ஏற்படும் பாதிப்பால் உண்டாவது. இது யாருடைய பாவமும் அல்ல. மூளையின் பாதிப்பு காலப்போக்கில் கூடுவதில்லை. ஆனால் உடல் தொடர்ந்து கோணலாகவே இருந்தால் தசைகள் குறுகி, மூட்டுகள் இறுகிவிடலாம்.

இருக்கும் விதத்துக்கும் கைக்கும் என்ன தொடர்பு? ஓடும் பஸ்ஸில் பிடியில்லாமல் நின்று ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள். விழாமல் நிற்பதே பெரும்பாடாகிவிடும். தன் உடலைத் தாங்க முடியாத பிள்ளைக்கு எந்நேரமும் இதே நிலைதான். விழாமலிருக்கக் கதிரையைப் பிடித்திருக்கும் கையால் கரண்டியைப் பிடிக்க முடியாது.

நுவாபி என்பவர் 1987இல் அமெரிக்க இயன்மருத்துவ சஞ்சிகை ஒன்றில் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. முன்னாலோ பின்னாலோ சாய்ந்திருப்பதைவிட, நிமிர்ந்து இருந்தபோதே இப்பிள்ளைகளின் கைகள் நன்றாக இயங்கின.

வீட்டில் என்ன செய்யலாம்? இடுப்பு கதிரையின் பின்பக்கம் வரை போகட்டும். இடுப்பும் முழங்காலும் செங்கோணமாக மடியட்டும். பாதங்கள் தொங்கக்கூடாது, எட்டாவிட்டால் கீழே ஒரு பலகை வையுங்கள். பக்கவாட்டில் சரிந்தால் சுருட்டிய துவாயை இருபுறமும் வைக்கலாம். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும்.

சில பிள்ளைகள் தலையை ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கக் கை நீளும், மற்றக் கை மடங்கும். இது பிடிவாதமல்ல, மூளையின் அனிச்சைச் செயல். ஆகவே சாப்பாட்டுக் கோப்பையையும் விளையாட்டுப் பொருளையும் நேர் முன்னால் வையுங்கள். நீங்களும் முன்னால் இருந்தே பேசுங்கள். தலை பின்னால் சாய்ந்திருக்க ஊட்டினால் புரைக்கேறும் ஆபத்தும் உண்டு.

எந்நேரமும் மல்லாக்கக் கிடத்தினால் தோள்கள் பின்னால் இழுபட்டு, கைகள் ஒன்றுசேராமல் போகலாம். இடையிடையே பக்கவாட்டில் கிடத்தினால் இரு கைகளும் கண்ணுக்கு முன்னால் வரும்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே முறை பொருந்தாது. இறுகிய மூட்டைப் பலவந்தமாக மடக்க வேண்டாம். சரியாக இருத்தியதும் கை உடனே இயங்கிவிடாது, பயிற்சியும் வேண்டும். ஆனால் அந்தப் பயிற்சி பலன் தர, இருப்பு சரியாக வேண்டும்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, பிள்ளை வீட்டில் இருக்கும் விதத்தைப் போனில் படமெடுத்துச் செல்லுங்கள். இயன்மருத்துவரிடமோ தொழில்வழிச் சிகிச்சையாளரிடமோ அதைக் காட்டி, "இவனை எப்படி இருத்த வேண்டும்?" என்று கேளுங்கள்.