நள்ளிரவில் ஒலித்த மணி

'சத்திரம்' என்றவுடன் எங்களுக்கு நினைவுக்கு வருவது கல்யாணப் பந்தியும் மேளச் சத்தமுமே. நைனார்பாளையத்தில் பஸ் ஏறினால் வெளியூருக்குச் சில மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். ஆனால் மக்கள் கால்நடையாகவே பயணம் செய்த காலத்தில், சத்திரம்தான் வழிப்போக்கரின் வீடாக இருந்தது.

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் சாலையில் பல சத்திரங்களைக் கட்டினார்கள். அவற்றின் செலவுக்காகக் கிராமங்களின் வருவாயை மானியமாக விட்டார்கள். 1799-இல் இரண்டாம் சரபோஜி மன்னர் நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைக்க நேர்ந்தது. நாட்டை இழந்த அவர், சத்திரங்களை இழக்க விரும்பவில்லை. அவை தம் பொறுப்பிலேயே இருக்க வேண்டுமென 1801-இல் ஆங்கில ரெசிடெண்டுக்குக் கடிதம் எழுதினார்.

சத்திரங்களில் நடந்தவற்றை அக்கடிதம் விளக்குகிறது. எந்தச் சாதியினராயினும் அனைவருக்கும் உணவு உண்டு. நோயுற்றவருக்கு மருந்தும் பத்திய உணவும் உண்டு. கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் பார்த்தனர். பெற்றோரை இழந்த குழந்தைகளை வளர்த்துக் கல்வி அளித்தனர். வழியில் இறந்தவருக்கு ஈமக்கடனும் செய்தனர். நள்ளிரவில் மணி அடித்து, உண்ணாமல் உறங்கியவரை எழுப்பிச் சோறிட்டனர்!

சரபோஜி மன்னர் 1802-இல் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். அவரது அன்புக்குரிய முத்தாம்பாள், தம் பெயரால் ஓர் அன்னசத்திரம் வேண்டுமென இறக்கும் தறுவாயில் கேட்டதாகச் சொல்கிறார்கள். 1855-இல் மன்னர் மரபு வாரிசின்றி முடிந்தபின் சத்திரங்கள் அரசின் நிர்வாகத்துக்குச் சென்றன. ரயிலும் பஸ்ஸும் வந்தபின் வழிநடைப் பயணிகள் குறைந்தனர். சத்திரங்களும் மெல்ல மெல்லப் பொலிவிழந்தன.

இதைப் படித்தபோது எங்கள் மனத்தில் பதிந்தது அந்த நள்ளிரவு மணிதான். பசித்தவர் வந்து கேட்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை; தாங்களே அழைத்தார்கள். மதிய வேளையில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் "எனக்குப் பசியில்லை" என்று சொல்லும் தோழி எங்கள் வகுப்பிலும் உண்டு. நாங்களும் பல நாட்கள் அதை உண்மையென்றே நம்பிவிட்டோம்.

தோழியரே, சத்திரம் கட்ட நம்மிடம் கிராமங்கள் இல்லை. ஆனால் அந்த மணியை அடிக்க நம்மால் முடியும். "வா, சேர்ந்து சாப்பிடலாம்" என்று அழைத்தால் போதும்.