தபால் பெட்டியில் பெயர் ஒட்டியாச்சா?

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இன்று இந்தியர்களே முதலிடம். 2022-23 குளிர்காலப் பருவத்தில் சீன மாணவர்களை முந்தினார்கள். காரணம் ஊரறிந்தது: பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் 2017 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அண்மையில் வாங்கத் தொடங்கிவிட்டது.

கிளம்புவதற்கு முந்தைய ஒரு வருடம் காகிதங்களோடுதான் போகும். நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ், மருத்துவக் காப்பீடு, விசா தேதி, பிளாக்டு அக்கவுண்டில் போட 11,904 யூரோ. இந்தப் பணம் மாதம் 992 யூரோவாகத்தான் கைக்கு வரும். இதற்கெல்லாம் வாட்ஸ்அப் குழுக்களில் நள்ளிரவிலும் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. வீடு பற்றிக் கேட்டால் மட்டும், "அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம் மச்சி" என்பார்கள். முதல் மூன்று மாத நிம்மதியைக் கெடுப்பது அந்த ஒரு வாக்கியம்தான்.

ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்கு அன்மெல்டுங் என்று பெயர். "இவர் என் வீட்டில்தான் குடியிருக்கிறார்" என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் இந்தப் பதிவு நடக்காது. பதிவானால்தான் வரி எண் வரும். அது இல்லாமல் பகுதி நேர வேலையில் சம்பளக் கணக்கு சிக்கலாகும். பல வங்கிகள் கணக்கு தொடங்கவே பதிவுச் சான்றைக் கேட்கும். வங்கிக் கணக்கு இல்லையென்றால், நாம் போட்டு வைத்த பிளாக்டு அக்கவுண்ட் பணமே வெளியே வராது. விசா தீர்வதற்குள் வாங்க வேண்டிய தங்கும் அனுமதிக்கும் இதே சான்றுதான் வேண்டும். சுருங்கச் சொன்னால், கையில் பணமும் அட்மிஷனும் இருந்தும் முகவரி இல்லாதவரை அந்த நாட்டின் கணக்கில் நீங்கள் இன்னும் வந்து சேரவில்லை.

மாணவர் விடுதிகளை நடத்துவது ஸ்டூடியரெண்டன்வெர்க் என்ற அமைப்பு. வாடகை குறைவுதான். ஆனால் பெரிய நகரங்களில் காத்திருப்புப் பட்டியல் செமஸ்டர் கணக்கில் நீளும். அட்மிஷன் கடிதம் வந்த அன்றே விண்ணப்பித்துவிடுவது நல்லது. விசா வரட்டும் என்று காத்திருப்பவர் வரிசையின் கடைசிக்குப் போவார். அதற்கடுத்த வழி வேகே எனப்படும் பகிர்வு வீடு. அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்கள்தான் வீடியோ அழைப்பில் நேர்காணல் செய்வார்கள். நம் பிள்ளைகள் அதற்கும் வேலை நேர்காணல் மாதிரி சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து சிஜிபிஏ சொல்வதுண்டு. அவர்களுக்கு வேண்டியது அதுவல்ல. பாத்ரூம் கழுவும் முறை வந்தால் கழுவுவாயா, சேர்ந்து சமைப்பாயா, இல்லை அறைக்குள்ளேயே இருப்பாயா என்பதுதான் கேள்வி.

குறுகிய கால அறை கிடைத்தால் முதலில் கேட்க வேண்டியது வாடகையை அல்ல, அங்கே அன்மெல்டுங் செய்யலாமா என்பதை. முடியாது என்றால் அந்த அறையால் பாதிப் பயன்தான். முன்பணம், வெறும் வாடகையின் மூன்று மாதத் தொகையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். வெந்நீர், ஹீட்டர் செலவு சேராத தொகையே வெறும் வாடகை. விளம்பரத்தில் கண்ணில் படுவது பெரும்பாலும் அதுதான். "நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று எவராவது எழுதினால் பதில்கூடப் போட வேண்டாம்.

சாவி வாங்கியதும் செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று உண்டு. அங்கே பெரும்பாலான அடுக்குமாடிகளில் வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. தெரு, கட்டட எண், பெயர், அவ்வளவுதான். தபால்காரர் பெட்டிமேல் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். பெயர் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார். வரி எண், வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். ஆகவே ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரெழுதி அன்றைக்கே ஒட்டிவிட வேண்டும். ஒட்டிய சில வாரங்களில், யாரும் கூப்பிடாத விருந்தாளியாக வானொலிக் கட்டணக் கடிதமும் வந்து விழும். டிவி இல்லை, ரேடியோ இல்லை என்று வாதாடிப் பயனில்லை. மாதம் 18.36 யூரோ. ஆனால் ஆளுக்கு ஒன்றல்ல, வீட்டுக்கு ஒன்று. உடன் இருப்பவர்களில் ஒருவர் கட்டிக்கொண்டிருந்தால் அவருடைய எண்ணைக் கொடுத்துவிட்டுப் பங்கைப் பிரித்துக்கொள்ளலாம். இது தெரியாமல் கடிதத்தைக் குப்பையில் போட்டவர்களுக்கு அபராதத்தோடு அடுத்தது வரும்.

சமையலில் பெரிய கஷ்டம் இல்லை. எண்பதுகளில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்கள் நடத்தும் கடைகளில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், அரிசி மா எல்லாம் கிடைக்கும். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் அவர்கள் எழுப்பியதே. 2002-இல் குடமுழுக்கு நடந்தது. தேர்த் திருவிழா நாளில் அங்கே போனால் ஜெர்மனியில் இருப்பதே மறந்துபோகும். சிக்கல் ஜன்னலில்தான். குளிருக்குப் பயந்து அதை மூடியே வைத்து தினமும் குக்கரில் சோறு வைத்தால், ஆவி சுவரில் இறங்கிப் பூஞ்சை பிடிக்கும். வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் கை வைப்பார்கள். காலையும் மாலையும் ஐந்து பத்து நிமிடம் ஜன்னலை முழுசாகத் திறந்து மூடுவது அங்கே வீட்டுக்கு வீடு உள்ள வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறந்திருக்காது. இரவு பத்து மணிக்கு மேல் மிக்ஸி கூடாது.

வீடு அமைந்த பிறகு வகுப்பறை. அங்கே முதலில் பிடிபடுவது சுதந்திரம். பெரும்பாலான விரிவுரைகளுக்கு வருகைப் பதிவே கிடையாது. 75 சதவீத அட்டெண்டன்ஸ், இன்டர்னல் மார்க், ஹெச்ஓடி மிரட்டல் இவற்றிலேயே வளர்ந்தவர்களுக்கு இது சொர்க்கம் மாதிரி தெரியும். அந்த மயக்கத்தில் டிசம்பர்வரை பொழுது போய்விடும். பிப்ரவரியில் பல பாடங்களுக்கு ஒரே ஒரு தேர்வு. அதுவே முழு மதிப்பெண். 1.0 மிகச் சிறப்பு, 4.0 பாஸ், அதற்கு மேல் போனால் தோல்வி. ஒரு கட்டாயப் பாடத்தை வழக்கமாக மூன்று முறைதான் எழுத விடுவார்கள். மூன்றிலும் தவறினால் அந்தப் படிப்பிலிருந்தே பெயரை நீக்கிவிடுவார்கள். வேறு ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் அதே படிப்பைத் தொடர்வதும் முடியாமல் போகலாம். நம் ஊர் அரியர் கணக்கு அங்கே செல்லாது.

தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும் என்பதும் பலருக்குக் கடைசியில்தான் தெரிகிறது. அட்மிஷன் முடித்து வகுப்பில் உட்கார்ந்ததால் மட்டும் ஹால் டிக்கெட் வந்துவிடாது. கெடு தாண்டினால் அடுத்த வாய்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். தயாராக இல்லாதவர்கள் குறிப்பிட்ட நாளுக்குள் பதிவை ரத்து செய்தால், பல இடங்களில் அது ஒரு முயற்சியாகக் கணக்கில் ஏறாது. அந்த நாள் துறைக்குத் துறை மாறும். போன வருடம் எழுதிய சீனியர் அண்ணன் சொன்ன தேதியை நம்புவதைவிட, தேர்வு அலுவலகத்துக்கு நாமே ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடலாம்.