கிரிவலப் பாதங்களும் நம் வீட்டுக் கண்ணாடியும்

திருவண்ணாமலையில் ஒரு பௌர்ணமி இரவு. கிரிவலப் பாதையோரம் பாட்டி ஒருவர் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பிடித்திருக்கிறார். பேரன் செல்போன் வெளிச்சத்தில் தேடுகிறான். குதிகாலில் அரிசி நொய் அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு. 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு மலை சுற்ற வந்தவரின் நடை அங்கேயே நின்றுபோனது.

அந்தச் சில்லு யாரோ வீசிய பாட்டிலாக இருந்திருக்கலாம். யார் வீட்டிலோ உடைந்து, பாலித்தீன் பையில் கட்டி எறியப்பட்ட டம்ளராகவும் இருந்திருக்கலாம். நீலகிரியில் மதுபாட்டில் சில்லுகள் காட்டு யானைகளின் காலைக் கிழித்தபோது சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் 10 ரூபாய் தரும் டாஸ்மாக் திட்டம் 2022-இல் அங்கே தொடங்கி, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. பாட்டிலுக்கு நீதிமன்றம் வழி காட்டியது. வீட்டில் உடையும் கண்ணாடிக்கு நாம்தான் பொறுப்பு.

உடையாமல் காக்க

பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொதிக்கும் ரசத்தை ஊற்றினால் உட்பக்கம் சட்டென்று விரியும். வெளிப்பக்கம் குளிர்ந்தே இருக்கும். அந்த இழுபறியில்தான் கண்ணாடி விரிசல் விடுகிறது. சூடான கண்ணாடி மூடியைக் குழாய்த் தண்ணீரில் காட்டினாலும் இதே கதைதான். சூட்டுக்கு போரோசிலிகேட் வகைதான் தோது. அதையும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு அடுப்பில் ஏற்றக் கூடாது.

கனமான ஜாடிகளைக் கீழ்த்தட்டில் வையுங்கள். விளிம்பு பெயர்ந்த டம்ளரை அன்றே ஒதுக்குங்கள்.

உடைந்துவிட்டால்

முதலில் குழந்தைகளை அப்புறப்படுத்தி, செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய துண்டுகளைத் துடைப்பத்தால் முறத்தில் அள்ளுங்கள். பிறகு விளக்கை அணைத்து, செல்போன் வெளிச்சத்தைத் தரையோடு படுக்கையாகக் காட்டுங்கள். கண்ணுக்குத் தப்பிய பொடிச் சில்லுகள் மினுங்கும். ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியிலோ டப்பாவிலோ போட்டு, டேப் ஒட்டி, மேலே 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதுங்கள். தூய்மைப் பணியாளரிடம் வாயாலும் சொல்லிக் கொடுங்கள். குப்பையைப் பிரித்துத் தருவதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டாரின் கடமையாகவே ஆக்கின. டியூப் லைட், சிஎஃப்எல் பல்புகளில் பாதரசம் உண்டு. அவற்றைத் தனியாகக் கொடுங்கள். உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் அறையைவிட்டு வெளியேறுங்கள்.

காயம் பட்டால்

சின்னக் கீறலை ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்துங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம். ஆழமாகக் குத்தி நிற்கும் துண்டைப் பிடுங்காதீர்கள். இரத்தத்தை அடைத்துக்கொண்டிருப்பதே அதுவாக இருக்கலாம். அதன் இரு பக்கமும் அழுத்திப் பிடித்தபடி 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். தெருவில் பட்ட காயத்துக்கு டெட்டனஸ் (டி.டி.) ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வாங்கிய பொருளே குறையென்றால்

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். பில்லில் வேறு கெடு குறிப்பிடாதபோது, குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும், பில் தர மறுப்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். உடைந்த துண்டையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

அண்ணாமலையாரைச் சுற்ற வருகிறவர்கள் இந்த ஊரை நம்பித்தான் செருப்பைக் கழற்றுகிறார்கள். அடுத்த முறை வீட்டில் ஒரு டம்ளர் உடைந்தால், ஒரு அட்டைப்பெட்டியும் கொஞ்சம் டேப்பும் போதும். அந்தப் பாட்டி மலையை முழுதாகச் சுற்றிவிடுவார்.